மலைக்கு முகம் வரைந்தபோது

நேற்று உங்கள் ஓவியக் கல்லூரிக் கூடத்தில் மாட்டியிருக்கும் படங்களை ஒவ்வொன்றாக நின்று பார்த்தேன். அருவியைக் கூந்தலாக விட்ட பெண், வேர்களைக் காலாக ஊன்றிய பெண், இடுப்புக்குக் கீழே ஆறாகிப் போன பெண். உங்களுக்குக் கை நன்றாக ஓடுகிறது. உங்கள் வயதில் எனக்கு இவ்வளவு ஓடியதில்லை. ஆனால் பாதிப் படங்களைத் தாண்டியதும் எனக்கு அங்கே நிற்க இருப்புக் கொள்ளவில்லை. வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன். திரும்ப வந்து பார்த்தாலும் அதேதான். ஏறக்குறைய எல்லாப் பெண்களும் படுத்திருக்கிறார்கள்.

குறை சொல்ல வரவில்லை. நானும் படுக்க வைத்துத்தான் வரைந்தேன். பணி ஓய்வு பெற்றவனைப் பேசக் கூப்பிட்டிருக்கிறீர்கள். எந்த வண்ணத்தோடு எதைக் கலப்பது என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்குத் தெரியும். அதனால் நான் செய்த ஒரு தப்பை மட்டும் சொல்கிறேன்.

ஐம்பதுகளின் நடுப்பகுதி. எனக்கு இருபத்து நான்கு வயது. மதுரையில் சினிமா பேனர் எழுதிக்கொண்டிருந்தவன், போடிநாயக்கனூரில் ஒரு ஓவியக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். நாடகக் கம்பெனிகளுக்குப் படுதா, கடைகளுக்குப் போர்டு, வியாபாரிகளுக்குக் காலண்டர் படம் என்று எல்லாம் செய்வோம். கடை முதலாளி நல்ல தொழில்காரர். அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. சாமி படம் எழுதுவதற்கான இலக்கணத்தை அவரிடம்தான் கற்றேன். தாமரை மேல் உட்கார்ந்தால் செல்வம், சூலம் பிடித்தால் கோபம், கிளி இருந்தால் கருணை. பார்க்கிறவன் மூன்று எண்ணுவதற்குள் எந்த அம்மன் என்று சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் படம் தோற்றது என்பார்.

ஒரு நாள் ஏலக்காய் மண்டிக்காரர் ஒருவர் கடைக்கு வந்தார். வடக்கே உள்ள வியாபாரிகளுக்கெல்லாம் வருடம் பிறக்கும்போது காலண்டர் அனுப்புகிறவர். இந்த முறை வழக்கமான லட்சுமி வேண்டாம் என்றார்.

"நம்ம மலையவே ஒரு பொம்பளையாப் போடுங்க. பொம்பள மலை மாதிரி படுத்திருக்கணும். மலை பொம்பள மாதிரி தெரியணும். பாக்குறவன் சொக்கிப் போகணும், ஆனா சாமின்னு கும்பிடவும் செய்யணும். முடியுமா?"

முதலாளி என்னைப் பார்த்தார். முடியும் என்று நான் சொல்லிவிட்டேன். போடியில் எந்தத் தெருவில் நின்று மேற்கே பார்த்தாலும் மலை தெரியும். ஒரு சிகரம் தோள் மாதிரி, ஒன்று இடுப்பு மாதிரி. எனக்கு முன்னால் எத்தனையோ பேர் அதைப் பார்த்து அப்படிச் சொல்லியிருப்பார்கள். அதை வரைந்தவன் யாரும் இல்லை, நான் வரையப் போகிறேன் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

செடியையும் மரத்தையும் நேரில் பார்த்து எழுத வேண்டும் என்று ஆவணியில் எஸ்டேட்டு லாரியில் மேலே போனேன். ஏலச்செடியை அதுவரை பார்த்தவன் இல்லை. ஆளுயரத்துக்கும் மேலே இலை. ஆனால் பூவும் காயும் வேரடியில், மண்ணோடு மண்ணாகச் சரம் சரமாகக் கிடந்தன. பெண்கள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அந்தச் சரத்திலிருந்து முற்றிய காயை மட்டும் பார்த்துப் பார்த்து எடுத்தார்கள். அட்டை கடிக்காமலிருக்கக் காலில் புகையிலைத் தண்ணீர் தடவியிருந்தார்கள். மேலே பெருமரங்களின் நிழல். பகலிலேயே விளக்குத் தேடும் இருட்டு.

இரண்டாம் நாள் இலைகளுக்கு நடுவிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். மழை வருகிறதா என்று அண்ணாந்து பார்த்தாள். இலைத் தண்ணீர் அவள் முகத்தில் வழிந்தது. இடது கண்ணுக்குக் கீழே ஒரு மச்சம், வலது மூக்கில் சிறிய மூக்குத்தி. என் வயதுதான் இருக்கும். எனக்குப் பென்சில் தானாக ஓடியது. அவள் கவனித்துவிட்டாள்.

"அண்ணே, என்னையவா போடுறீக?"

"இல்லம்மா. செடியத்தான் போடுறேன்."

"செடி இந்தப் பக்கமுல்ல இருக்கு?"

"இலை நிழல் விழுறதப் பாக்குறேன்மா."

அவள் சிரித்துவிட்டு மறுபடி உட்கார்ந்து காய் எடுக்கத் தொடங்கினாள். பக்கத்தில் இருந்தவர்கள் அவளைப் பேச்சி என்று கூப்பிட்டார்கள். அவள் உட்கார்ந்த பிறகும் நினைவிலிருந்து வரைந்தேன். மூன்று தாள் நிறைந்தது.

கீழே வந்து அந்தப் படத்தை நாற்பது நாள் எழுதினேன். மலைத்தொடர் முழுவதும் மல்லாந்து படுத்த ஒரு பெண். தோள் ஒரு சிகரம், இடுப்பு ஒரு சிகரம், உடம்பின் மேல் பனிமூட்டமே சேலை. கூந்தல் அருவியாக இறங்கியது. கூந்தலில் ஏலப்பூ வைத்தேன். அது மண்ணில் கிடக்கும் பூ என்று தெரிந்தே வைத்தேன். நீட்டிய கையிலிருந்து ஏலக்காய் கொட்டிக்கொண்டே இருந்தது. கண்கள் பாதி மூடியிருந்தன. முகம் பேச்சியுடைய முகம், மச்சத்தோடு.

முதல் பார்வையில் மலை தெரியும். இரண்டாவது பார்வையில் பெண் தெரிவாள். மூன்றாவது பார்வையில் கண்ணை எடுக்க முடியாது. மண்டிக்காரர் பார்த்துவிட்டுத் தொடையில் தட்டினார்.

அந்த நாற்பது நாளும் எனக்குள் ஒரு அரிப்பு இருந்தது. சாப்பாட்டில் மனம் நிலைகொள்ளவில்லை. தூரிகையை வைத்துவிட்டுத் தெருவில் நடப்பேன், திரும்ப ஓடி வருவேன். கலைஞனுக்கு வரும் தவிப்பு என்று அதற்குப் பெயர் வைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டேன். உங்களுக்கும் அப்படி ஒன்று வரும். வந்தால் அது எந்த வகை என்று ஒரு தடவை நிறுத்திக் கேளுங்கள். என்னுடையது கலைத் தவிப்பு இல்லை. பொய் சொன்னவனுக்கு இருக்கும் தவிப்பு.

படம் காய்வதற்காகக் கடை வாசலில் வைத்தோம். அன்று சந்தை நாள். மலையிலிருந்து இறங்கியவர்களும் சுற்றியிருந்த ஊர்க்காரர்களும் கூட்டமாக நின்று பார்த்தார்கள். சிலர் கும்பிட்டார்கள். சிலர் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள். இரண்டும் எனக்குப் பாராட்டாகத்தான் பட்டது.

நான்கு நாள் கழித்துக் காலை பத்து மணி இருக்கும். அன்று மதியம் மண்டிக்காரர் வந்து படத்தை வாங்கிப் போய்ச் சிவகாசிக்கு அச்சுக்கு அனுப்புவதாக ஏற்பாடு. நான் கோணித்துணியில் படத்தைச் சுற்ற எடுத்தேன். இரண்டு பெண்கள் வாசலில் வந்து நின்றார்கள். ஒருத்தி பேச்சி. இன்னொருத்தி வேலம்மா, அவளோடு காய் எடுப்பவள், சற்று மூத்தவள். எஸ்டேட்டு லாரியில் வந்திருந்தார்கள்.

பேச்சி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நேராகப் படத்தின் முன்னால் போய் நின்றாள். வெகுநேரம் பார்த்தாள்.

"இது யாரு?" என்றாள்.

"மலைமகள்மா. நம்ம மலையவே ஒரு பொம்பளையா நெனச்சு..."

"நான் மூஞ்சியக் கேட்டேன்."

"உங்க சாயல் கொஞ்சம்..." என்றேன்.

"செடியப் போடுறேன்னு சொன்னீகல்ல?"

வேலம்மாதான் நடந்ததைச் சொன்னாள்.

"இவ வீட்டுக்காரன் சுருளி சந்தைக்கு வந்திருக்கான். படத்தப் பாத்துட்டான். கூட வந்தவங்கெ கேலி பேசியிருக்காங்கெ, உம் பொண்டாட்டி எப்படா மலையில துணியில்லாமப் படுத்தான்னு. மேல வந்தவன் இவகிட்ட ஒரு வார்த்த கேக்கல. கைப்பிள்ளையத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டு, சிலமலையில அண்ணன் வீட்டுக்குப் போயிட்டான். நாலு நாளாச்சு. பால்குடி மறக்காத பிள்ளை. இவ மாருல பால் கட்டிக்கிட்டுக் காய்ச்சல்ல கெடந்து எந்திரிச்சு வந்திருக்கா."

அப்போதுதான் கவனித்தேன். பேச்சி நடுங்கிக்கொண்டிருந்தாள். சேலைத் தலைப்பை இழுத்து மார்பை மறைத்துப் பிடித்திருந்தாள். அந்தத் தலைப்பு நனைந்திருந்தது. அவளுக்குப் பின்னாலேயே என் மலைமகள் கையிலிருந்து காயைக் கொட்டிக்கொண்டு சுகமாகப் படுத்திருந்தாள்.

முதலாளி வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். அனுபவசாலி. நிலைமை அவருக்கு ஒரு நொடியில் புரிந்தது.

"இதுக்கா இம்புட்டுத் தூரம் வந்தீக? ஏலே, அந்த மச்சத்த அழி. மூக்குத்திய அந்தப் பக்கம் மாத்திப் போடு. புருவத்த ஒரு இழுப்பு இழு. வேற பொம்பளையாயிரும். முடிஞ்சது சோலி. வெரசாப் பண்ணு, பன்னெண்டு மணிக்கு ஆள் வந்துரும்."

எனக்கு நிம்மதியாக இருந்தது. தப்பையும் திருத்திவிடலாம், படமும் போய்விடும். "ஒரு மணி நேரம் இருங்கம்மா, மாத்திர்றேன்" என்று தூரிகையை எடுத்தேன்.

பேச்சி சொன்னாள்: "படத்துல மாத்துனா, பாத்தவுக கண்ணுல மாறுமா?"

தூரிகையைக் கீழே வைத்தேன். அவள் மேலும் சொன்னாள்:

"எனக்கு எம்பிள்ள வேணும். சிலமலைக்கு வாங்க. எங்க மச்சாண்டார் வீட்டு வாசல்ல நின்னு, நீங்க எப்பிடிப் போட்டீகன்னு நாலு பேரு கேக்கச் சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டாக."

திரும்பப் போகிறவள் மாதிரி ஓர் அடி வைத்தாள். பிறகு படத்தை இன்னொரு தடவை பார்த்தாள். "அது போகட்டும். இவ எதுக்குப் படுத்திருக்கா?"

முதலாளிக்குக் கோபம். "மலை அப்பிடித்தாம்மா இருக்கு. தெருவுல போய் நின்னு பாரு."

"இங்கன நின்னு பாத்தாப் படுத்துத்தான் இருக்கும். ஏறி வந்து பாருங்க. நிக்கும்."

வேலம்மா சொன்னாள், தரையைப் பார்த்துக்கொண்டே: "ரெண்டு வருசத்துக்கு முந்தி ஆடி மழையில மலை சரிஞ்சுச்சு. ஒரு லயத்தையே, வரிசை வீடு பூராத்தையும், வாரிக்கிட்டுப் போயிருச்சு. இவ நாத்தனாளும் அவ பிள்ளையும் அதுக்குள்ளதான் தூங்குனாக. அந்த மலையப் போயி இப்பிடிப் படுக்கப் போட்டிருக்கீகளே."

இங்கே கொஞ்சம் நிற்கிறேன். அன்று என் முன்னால் இருந்ததை அப்படியே உங்கள் முன்னால் வைக்கிறேன். தேவாரம் ஊருக்குப் போகும் பஸ்சு பதினோரு மணிக்கு. அதில் ஏறினால் சிலமலைக்குப் போகலாம். ஆனால் நான் திரும்புவதற்குள் படம் அதே முகத்தோடு அச்சுக்குப் போய்விடும். கடையிலேயே இருந்து முகத்தை மாற்றினால், அந்தப் பிள்ளை இன்னும் ஒரு நாள் பாலில்லாமல் கிடக்கும். நாளைக்குப் போகலாம் என்று ஒரு யோசனை வந்தது. முதலாளியை அனுப்பலாம் என்று ஒரு யோசனை வந்தது. ஒரு கடிதம் எழுதிக் கொடுக்கலாம் என்றுகூடத் தோன்றியது. எல்லாமே நியாயமான யோசனைகள் போலவே இருந்தன. எல்லாவற்றிலும் ஒரே ஒரு சங்கதி பொது: எதிலும் நான் சிலமலையில் போய் நிற்க வேண்டியதில்லை. அதைக் கண்டுகொண்டதும் எனக்கு முடிவு தெரிந்துவிட்டது.

வண்ணம் சுரண்டும் கத்தியை எடுத்தேன். படத்திலிருந்த பேச்சியின் முகத்தை நெற்றியிலிருந்து மோவாய் வரை சுரண்டி எடுத்தேன். மேல்பூச்சு இன்னும் முழுக்க இறுகவில்லை. சுருள் சுருளாக வந்தது.

"ஏலே! நாப்பது நாள் சோலிடா!" என்று முதலாளி என் தோளைப் பிடித்தார். நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு அந்தப் பெண்களோடு பஸ்சு நிற்குமிடத்துக்கு நடந்தேன்.

பஸ்சில் பேச்சி முன்னால் உட்கார்ந்தாள், நான் கடைசியில். என்ன சொல்வது என்று வழியெல்லாம் வாக்கியம் கட்டிக்கொண்டே போனேன். நல்ல வாக்கியங்கள். மலையைத் தாயாகப் பார்ப்பது நம் மரபு, காட்டுத் தெய்வத்துக்குக் காடுகாள் என்று பெயர் வைத்துக் கும்பிட்டவர்கள் நம் முன்னோர், கொற்றவை காட்டில்தான் இருந்தாள், இப்படியெல்லாம்.

சிலமலையில் அண்ணன் வீட்டு வாசலில் சோளம் காய்ந்துகொண்டிருந்தது. சுருளி எழுந்து வந்தான். ஒல்லியான ஆள், நாலு நாளாகச் சவரம் செய்யாத முகம். நான் யார் என்று சொன்னதும் அவன் அண்ணன் என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். அக்கம்பக்கத்தார் கூடிவிட்டார்கள். நான் என் வாக்கியத்தைத் தொடங்கினேன்.

"மலைங்கிறது நமக்கெல்லாம் தாய் மாதிரி. அந்தத் தாய்க்கு ஒரு உருவம் குடுக்கணும்னுதான்..."

சுருளி கேட்டான்: "மலையப் போடணும்னா மலையப் போட வேண்டியதுதான? எம் பொண்டாட்டி எதுக்குய்யா?"

கட்டி வைத்த வாக்கியமெல்லாம் அதோடு போயிற்று. இத்தனை வருடத்தில் எத்தனையோ விமர்சகர்கள் எழுதியதைப் படித்திருக்கிறேன். இந்தத் தொழிலைப் பற்றி இவ்வளவு சரியாக யாரும் கேட்டதில்லை.

"அவுகளுக்கு ஒண்ணும் தெரியாது," என்றேன். "தோட்டத்துல காய் எடுத்துக்கிட்டிருந்தாக. நான் பாட்டுக்கு எடுத்து வரைஞ்சேன். என்னையவா போடுறீகன்னு கேட்டாக. இல்ல, செடியப் போடுறேன்னு பொய் சொன்னேன். உடம்பெல்லாம் நானாக் கற்பனை பண்ணிப் போட்டது. மூஞ்சிய மட்டும் திருடிட்டேன்."

"எதுக்குப் பொய் சொன்னீரு?"

"நெசத்தச் சொன்னா வேண்டாம்னு சொல்லியிருப்பாக."

அண்ணன் சட்டையை விட்டுவிட்டு ஓங்கி ஒரு அறை விட்டார். நியாயமான அறை. சுருளி அவரைப் பிடித்து நிறுத்தினான். பிறகு முதல் தடவையாகப் பேச்சியைப் பார்த்தான்.

"நீ கேட்டியா, அப்பயே?"

"கேட்டேன். செடின்னாரு. சிரிச்சுட்டுச் சோலியப் பாத்தேன்." அவள் குரல் உயரவே இல்லை. "அவரு என்னையக் கேக்காமப் படத்தப் போட்டாரு. நீங்க என்னையக் கேக்காமப் பிள்ளையத் தூக்கிட்டு வந்தீக. படத்த நம்புனீகள்ல, என்னைய ஒரு வார்த்த கேட்டீகளா?"

சுருளி உள்ளே போய்ப் பிள்ளையைத் தூக்கி வந்து அவள் கையில் கொடுத்தான். ஒன்றரை வயதுப் பெண் குழந்தை. தாயைக் கண்டதும் அலறியது. பேச்சி மாட்டுக்கொட்டத்து நிழலில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் அழுகை அடங்கியது.

அதுவரை நான் எதைப் பார்த்தாலும் இதைப் படமாக்கலாம் என்றுதான் தோன்றும். அன்று தோன்றவில்லை. தலையைக் குனிந்து காய்கிற சோளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிள்ளையோடு பேச்சியும் வேலம்மாவும் லாரியைப் பிடிக்கப் போடிக்குத் திரும்பினார்கள். சுருளி கூட வரவில்லை. அவள் கூப்பிடவும் இல்லை.

நான் கடைக்கு வந்தபோது மண்டிக்காரர் முகமில்லாத படத்தின் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முதலாளி அவருக்கு விசிறிக்கொண்டிருந்தார்.

"ஏன்யா, தலையில்லாத சாமியவா வீட்டுக்கு வீடு மாட்டச் சொல்ற?"

நடந்ததைச் சொன்னேன். கெட்ட மனிதர் இல்லை அவர். பிள்ளை கிடைத்ததா என்று கேட்டார். கிடைத்தது என்றேன். பிறகு கேட்டார்: "எந்த எஸ்டேட்டுப் பொம்பள? பேரு என்ன?"

அவர் வெறுமனே தெரிந்துகொள்ளத்தான் கேட்டிருப்பார். ஆனால் அந்தப் பேச்சு மண்டி முழுக்கப் போகும். அங்கிருந்து தோட்டத்துக் கங்காணிகளுக்குப் போகும். "தெரியாதுங்க, விசாரிக்கல" என்றேன். இந்த விவகாரத்தில் நான் சொன்ன இரண்டாவது பொய் அது. அதற்காக இன்றுவரை வருத்தப்பட்டதில்லை.

அந்த வருடம் அவர் காலண்டரில் வழக்கமான லட்சுமிதான் வந்தாள். என்னை முதலாளி வேலையைவிட்டு அனுப்பவில்லை. ஆனால் சாமி படம் தரவில்லை. லாரிக்குப் பெயர் எழுதினேன், அரிசி ஆலைக்கு அம்புக்குறி போட்டேன். முகமில்லாத படத்தைக் கோணித்துணியில் சுற்றி வைத்தேன், மறுபடி பிரிக்கவில்லை. பிறகு யாரோ அதன் மேல் வெள்ளையடித்து நாடகத்துக்கு மேகமாக்கிவிட்டார்கள்.

மாசியில் ஏலக்காய் எடுப்பு முடிந்த சமயம். ஒரு காலையில் ஐந்து பெண்கள் கடை வாசலில் வந்து நின்றார்கள். முன்னால் பேச்சி. பின்னால், ஒரு பெரிய தகரத்தை முதுகில் சுமந்துகொண்டு சுருளி. அவன் பதினோராவது நாள் மேலே வந்ததையும், கார்த்திகை வரை அவனைப் பேச்சி லயத்துத் திண்ணையிலேயே படுக்கவைத்ததையும் வேலம்மா பிறகு சிரிக்கச் சிரிக்கச் சொன்னாள்.

"மலை சரிஞ்ச எடத்துல எங்க அம்மனுக்குக் கல்லு மட்டுந்தான் இருக்கு," என்றாள் பேச்சி. "மழைக்கு முந்தி, கல்லுக்குப் பின்னால நட்டு வைக்க ஒரு படம் வேணும். நீங்கதான் போடணும். ஆனா நாங்க சொல்ற மாதிரி."

எனக்குத் தூரிகையைத் தொடவே கூச்சமாக இருந்தது. "நானா?" என்றேன்.

"உங்களுக்குத்தான் தெரியும், எப்பிடிப் போடக்கூடாதுன்னு."

ஐந்து பேரும் கடைக்குள் சுற்றி உட்கார்ந்தார்கள். நான் சாக்கட்டியை எடுத்துத் தகரத்தில் கோடு போடத் தொடங்கினேன். முதலாளி தூரத்தில் இருந்து காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நிக்கட்டும்," என்றாள் பேச்சி.

"முடிய விரிச்சு விடவா?" என்றேன்.

"காட்டுக்குள்ள எவ விரிச்சுப் போட்டுக்கிட்டுத் திரிவா? கொண்டை போடுங்க."

"கையில ஏலக்காய்?"

"கையில ஒண்ணும் குடுக்காதீக," என்றாள் வேலம்மா. "அவளா எடுத்துக் குடுக்குறா? நாமதான எடுக்கிறோம். செடி அவ காலடியில கெடக்கட்டும்."

அவர்களில் இளையவள் ஒருத்தி, அந்த வருடம்தான் கல்யாணமாகி மேலே போனவள், "இடுப்புல ஒரு பிள்ள இருக்கட்டும்க்கா" என்றாள். யாரும் மறுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வேலம்மா, "ஆமா. போன பிள்ளையெல்லாம் அவகிட்டத்தான இருக்கு" என்றாள். சுருளி எழுந்து வாசல் பக்கம் போய் நின்றுகொண்டான்.

"முகம் எப்படி? சிரிக்கணுமா?"

"எதுக்குச் சிரிக்கணும்?"

"அப்ப கோபமா இருக்கணும்."

"கோவமும் இல்ல," என்றாள் பேச்சி. சரியான சொல்லைத் தேடினாள். "சோலியா இருக்கா. அவளுக்கு அவ சோலி. மழை பெய்யணும், மரம் வளரணும், எம்புட்டோ இருக்கு. நடுவுல நம்ம போறோம். அவ பாத்து நம்மள விட்டாத்தான் உண்டு."

என் முதலாளி கற்றுக்கொடுத்த இலக்கணத்தில் அந்த அம்மனுக்கு இடமே இல்லை. தாமரை இல்லை, சூலம் இல்லை. கொடுக்கவும் இல்லை, தண்டிக்கவும் இல்லை. யாருக்காகவும் அவள் அங்கே இல்லை. இயற்கையைப் பெண்ணாக வரையும்போது நாம் எப்போதும் நமக்கு என்ன வேண்டுமோ அதைத்தான் அவள் கையில் வைக்கிறோம். அந்த ஐந்து பேருக்கும் மலையிடமிருந்து வேண்டியது எங்கள் எல்லாரையும்விட அதிகம். ஆனாலும் அவர்கள் அவள் கையைக் காலியாக வைக்கச் சொன்னார்கள். இதைத்தான் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று நேற்றிலிருந்து தவித்துக்கொண்டிருந்தேன்.

"யாரு மூஞ்சி மாதிரி போட?" என்று கடைசியில் கேட்டேன். தைரியத்தை வரவழைத்துக்கொண்டுதான் கேட்டேன்.

எல்லாரும் பேச்சியைப் பார்த்தார்கள்.

"யாரு மூஞ்சியும் வேண்டாம்," என்றாள் அவள்.

நான்கு நாள் எழுதினேன். நின்ற உருவம், இடுப்பில் பிள்ளை. ஒரு கால் சரிந்து கிடக்கும் பாறை மேல், இன்னொரு கால் மண்ணுக்குள். முகத்துக்கு, அந்தப் பெருமரங்களுக்கடியில் பகலில் இருக்கும் இருட்டையே பூசினேன், கறுப்புக்கு ஒரு படி முன்னால் நிற்கும் பச்சை. அதில் இரண்டு கண்கள் மட்டும். அதுவரை நான் வரைந்த பெண்களை எல்லாரும் பார்த்தார்கள். இவள் நம்மைப் பார்த்தாள்.

தகரத்தோடு நானும் மேலே போனேன். மண் சரிந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு நாவல் மரம். அதனடியில் மஞ்சள் பூசிய கல். சுருளியும் இன்னும் இரண்டு பேரும் கல்லுக்குப் பின்னால் குழி தோண்டித் தகரத்தை நட்டார்கள். பெண்கள் எதிரில் வந்து நின்றார்கள். நான் அவர்கள் முகங்களைப் பார்த்தேன்.

அந்தப் புதுப்பெண் மெதுவாகப் பேச்சியின் கையைப் பிடித்தாள்.

"அக்கா, பயமா இருக்கு."

பேச்சி படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இருக்கட்டும்," என்றாள்.